பழைய கார்டில் கேம் வழுக்கிக்கொண்டு ஓட: ஃபிரேம் ஜெனரேஷன், புதியவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் கேம் விளையாடும் பையன்கள் வீட்டில் இருக்கும் பி.சி.க்குப் பெரும்பாலும் ஒரே ஜாதகம்தான். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், அதற்குள் ஒரு ஜி.டி.எக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. இந்த ஜோடி இவ்வளவு பரவியதற்குக் காரணம் உண்டு. அந்த கார்டு 75 வாட்டில் ஓடிவிடும். பல மாடல்களுக்குத் தனியாகப் பவர் ஒயர் இழுக்க வேண்டாம், ஆபீஸ் பி.சி.யின் சின்ன எஸ்.எம்.பி.எஸ்.ஸே (கரண்ட் கொடுக்கும் பெட்டி) தாங்கும். ஆனால் அது 2019-இல் வந்த கார்டு. பழைய கேம் என்றால் ஜம்மென்று போகும். புதிதாக ஏதாவது ஏற்றினால் 35, 40 எஃப்.பி.எஸ்.ஸில், அதாவது செகண்டுக்கு 35, 40 படத்தில், நின்று முக்கும்.

உடனே யாராவது ஒருவர் ஃபிரேம் ஜெனரேஷன் போடு, நம்பர் இரண்டு மடங்காகிவிடும் என்பார். ஆகும், பொய்யில்லை. ஆனால் இது கேமை வேகமாக ஓட வைக்கும் மென்பொருள் இல்லை. கண்ணுக்கு வழவழப்பைக் கூட்டும் மென்பொருள். அடியில் ஓடும் கேம் ஒரே சீராக ஓடினால் மேலே பூசும் வழவழப்பு நிற்கும். அடியே ஆட்டம் கண்டால் ஆட்டமும் சேர்ந்து இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்தான்.

என்ன நடக்கிறது

40 எஃப்.பி.எஸ் என்றால் 25 மில்லி செகண்டுக்கு ஒரு படம் திரையில் மாறுகிறது. ஃபிரேம் ஜெனரேஷன், கேம் வரைந்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, எது எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கணித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு படத்தைத் தானே வரைந்து செருகுகிறது. 40 என்பது 80 ஆகிறது. புது டி.வி.களில் மோஷன் ஸ்மூத்திங் என்று ஒன்று வருகிறதே, படம் பார்த்தால் சீரியல் மாதிரி ஆக்கிவிடுமே, அதன் அண்ணன் தம்பிதான் இது.

இதில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. நடுப்படத்தை வரைய வேண்டுமானால் அடுத்த உண்மைப் படம் கைக்கு வந்திருக்க வேண்டும். வந்த படத்தை அப்படியே காட்டாமல் பிடித்து வைத்து, நடுப்படத்தை முதலில் காட்டி, அப்புறம்தான் அதை விடும். டைமுக்கு வந்த பஸ்ஸை ஸ்டாண்டில் ஓரங்கட்டிவிட்டு ஸ்பெஷல் பஸ்ஸை முன்னால் அனுப்பிய மாதிரி. அந்தக் காத்திருப்பு குறைந்தது அரை ஃபிரேம் நேரம். 30 எஃப்.பி.எஸ்.ஸில் அது சுமார் 17 மில்லி செகண்ட், 60-இல் சுமார் 8. திரையைப் பிடிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அடிப்படை எஃப்.பி.எஸ் எவ்வளவு கீழே இருக்கிறதோ, மவுஸைத் திருப்பியதற்கும் திரை திரும்புவதற்கும் நடுவில் அவ்வளவு இழுவை. கார்டு தயாரிக்கும் ஏ.எம்.டி, தன்னுடைய ஃபிரேம் ஜெனரேஷனான எஃப்.எஸ்.ஆர் 3-க்கு 60 எஃப்.பி.எஸ் அடிப்படை இருப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான். நம் கார்டுகளில் 60 எங்கே கிடைக்கிறது, 40-க்கு வழி பார்ப்போம்.

உங்கள் கார்டுக்கு எது

என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 40 வரிசை வைத்திருந்தால் அந்த நிறுவனத்தின் டி.எல்.எஸ்.எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறது, 2022-இல் அந்த கார்டுகளோடு வந்தது. கேமின் கிராஃபிக்ஸ் மெனுவிலேயே ஆன் செய்யலாம். அந்த ஆப்ஷன் மங்கலாகக் கிடந்து அழுத்த வரவில்லை என்றால், விண்டோஸின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் ஜி.பி.யு ஷெட்யூலிங்' ஆஃப் ஆகி இருக்கும். அதை ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஆர்.டி.எக்ஸ் 50 வரிசையில் ஒரு உண்மைப் படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைச் செருகும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷனும் உண்டு. கேமில் இந்த வசதியே இல்லை என்றால், என்விடியா ஆப்பில் 'ஸ்மூத் மோஷன்' என்று ஒன்று இருக்கிறது. முதலில் 50 வரிசைக்கு வந்து, பிறகு 40-க்கும் கொடுத்தார்கள்.

ஆர்.டி.எக்ஸ் 20, 30 வரிசைக்காரர்களுக்கு என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் கிடையாது. ஆனால் கேமில் எஃப்.எஸ்.ஆர் 3 ஃபிரேம் ஜெனரேஷன் இருந்தால் போடலாம். அது 2023 செப்டம்பரில் வந்தது, ஏ.எம்.டி கார்டுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்.எக்ஸ் 6000-க்கு மேல் என்றால் டிரைவரிலேயே ஏ.எஃப்.எம்.எஃப், அதாவது ஃப்ளூயிட் மோஷன் ஃபிரேம்ஸ் இருக்கிறது. ஆல்ட், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஏ.எம்.டி.யின் மென்பொருள் திறக்கும். கேமிங் பகுதியில் உங்கள் கேமைத் தேர்ந்தெடுத்து அதை ஆன் செய்யுங்கள். காசு எதுவும் இல்லை.

மற்ற எல்லோருக்கும், அதாவது ஜி.டி.எக்ஸ் கூட்டம், ஆர்.எக்ஸ் 580 கூட்டம், லேப்டாப்பில் உள்ளே ஒட்டிய கிராஃபிக்ஸை நம்பி இருப்பவர்கள், எல்லோருக்கும் லாஸ்லெஸ் ஸ்கேலிங். ஸ்டீமில் விற்கும் சின்ன மென்பொருள். இதன் ஃபிரேம் ஜெனரேஷன் பகுதிக்கு எல்.எஸ்.எஃப்.ஜி என்று பெயர். எந்த கார்டு, எந்த கேம் என்று பார்க்காது. ஸ்டீமில் வாங்காத கேமிலும் வேலை செய்யும்.

தேர்வில் ஒரே ஒரு விதி: கேமுக்குள்ளேயே ஃபிரேம் ஜெனரேஷன் இருந்தால் முதலில் அதைத்தான் போட வேண்டும். கேமே எந்தப் பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்ற விவரத்தைக் கொடுத்துவிடும். ஹெல்த் பார், எழுத்து, மேப் இவற்றையும் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியும். லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்கு அந்தச் சலுகை இல்லை. திரையில் முடிந்து வந்த படத்தை மட்டும் பார்த்து ஊகிக்க வேண்டும். அதன் குறைகள் எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகின்றன.

இனி லாஸ்லெஸ் ஸ்கேலிங் பற்றியே பேசுவோம், நம்மில் பலருக்கு அதுதான் வழி.

முதலில் பி.சி.யின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள்

மானிட்டர் ஒயர் எங்கே செருகி இருக்கிறது? மேலே மதர்போர்டின் போர்ட்டிலா, கீழே கார்டின் போர்ட்டிலா? கார்டில்தான் இருக்க வேண்டும். சிரிக்க வேண்டாம், ஆபீஸ் பி.சி.யோடு வந்த பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ மட்டும் இருக்கும், 1650-இல் வி.ஜி.ஏ போர்ட் கிடையாது. ஒயர் எதில் பொருந்துகிறதோ அதில் செருகிவிட்டு, கார்டு மாட்டியும் கேம் தூக்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய. ஒரு கன்வெர்ட்டர் வாங்கினால் தீரும்.

அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் ரீஃப்ரெஷ் ரேட் (செகண்டுக்குத் திரை எத்தனை முறை படம் மாற்றும்) எவ்வளவு என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வைத்துக்கொண்டு விண்டோஸில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இந்த எண்தான் உங்கள் கூரை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 80, 100 என்று மூலையில் நம்பர் ஓடலாம், கண்ணுக்கு வருவது 60 தான். அதனால் 60 ஹெர்ட்ஸ்காரர்களுக்குக் கணக்கு 30-ஐ 60 ஆக்குவது. 75 ஹெர்ட்ஸ் என்றால் 37-ஐ. 120, 144 ஹெர்ட்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான விருந்து: 60-ஐ 120 ஆக்கலாம், 48-ஐ மூன்று மடங்கு செய்து 144-இல் நிறுத்தலாம்.

ஏற்கனவே கேம் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 55, 60 என்று ஓடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். சும்மா இருக்கும் சங்கை ஊதிக் கெடுக்க வேண்டாம்.

அடிப்படையைப் பூட்டுவது

இதுதான் முக்கியமான கட்டம். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு 'நல்லாவே இல்லை' என்று மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

கேமின் மெனுவில் முதலில் ஷேடோ, வால்யூமெட்ரிக் ஃபாக், ஆம்பியன்ட் ஆக்லூஷன் மூன்றையும் இறக்குங்கள். கண்ணுக்கு அதிகம் தெரியாமல் கார்டைத் தின்பவை இவை. டெக்ஸ்சரை மட்டும் கார்டின் மெமரியைப் பார்த்து வையுங்கள், 4 ஜி.பி கார்டில் 'அல்ட்ரா' போட்டால் படம் நன்றாக இருக்கும், ஆனால் திரும்பும் இடமெல்லாம் திக்கும். கேமில் எஃப்.எஸ்.ஆர், எக்ஸ்.இ.எஸ்.எஸ் போன்ற அப்ஸ்கேலிங் (சின்னதாக வரைந்து பெரிதாக்கும் வசதி) இருந்தால் 'குவாலிட்டி'யில் வையுங்கள். ஜி.டி.எக்ஸ் கார்டில் டி.எல்.எஸ்.எஸ் வராது, தேட வேண்டாம்.

பிறகு ரிவாட்யூனர் ஸ்டேட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னரோடு சேர்ந்தே வரும், உங்கள் கார்டு எம்.எஸ்.ஐ ஆக இருக்க வேண்டும் என்றில்லை. ஆஃப்டர்பர்னரில் எஃப்.பி.எஸ், ஃபிரேம்டைம் (ஒரு படம் வர ஆகும் நேரம்), ஜி.பி.யு யூசேஜ் (கார்டின் சுமை), வெப்பம் நான்கையும் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது கேமில் உங்களுக்குத் தெரிந்த மிகக் கனமான இடத்துக்குப் போங்கள். கூட்டமான சந்தை, மழை பெய்யும் காடு, நான்கைந்து வண்டி வெடிக்கும் சண்டை, எதுவானாலும். அங்கே நம்பர் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். 46 என்று வைத்துக்கொள்வோம். சந்தையை விட்டு வெளியே வந்தால் 60 கூடத் தொடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 46-இலிருந்து கொஞ்சம் கழித்து 40-இல் பூட்டுங்கள். ரிவாட்யூனரில் கேமின் எக்ஸ்.இ ஃபைலைச் சேர்த்து, 'ஃபிரேம்ரேட் லிமிட்' கட்டத்தில் 40 என்று எழுதினால் போதும். 'குளோபல்' என்பதில் எழுதாதீர்கள். அங்கே எழுதினால் எல்லா மென்பொருளுக்கும் அந்தப் பூட்டு விழும்.

ஏன் கழிக்க வேண்டும்? நடுப்படத்தை வரைவதும் அதே கார்டுதான். கேமே கார்டை 99 சதவீதம் பிழிந்துகொண்டிருந்தால் நடுப்படத்துக்கு இடமில்லை, எல்.எஸ்.எஃப்.ஜி ஆன் செய்ததும் 48 ஓடிய கேம் 38-க்கு விழும். இரட்டித்து 76 என்று நம்பர் காட்டும், அடியில் கேம் முன்னைவிட மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பூட்டிய பிறகு ஜி.பி.யு யூசேஜ் 80, 85 சதவீதத்துக்குள் நின்றால் சரியாகப் பூட்டியிருக்கிறீர்கள். ஃபிரேம்டைம் கோடு தறியில் இழுத்த நூல் போலக் கிடக்க வேண்டும். அது மேலும் கீழும் துள்ளினால் பூட்டை இன்னும் இறக்குங்கள்.

35-க்குக் கீழேதான் பூட்ட முடிகிறது என்றால் ரெசல்யூஷனை இறக்குவது நல்லது. 1080-இலிருந்து 900-க்கு வந்து 45-இல் நிற்பது, 1080-இல் 30-ஐ வைத்துக்கொண்டு இழுபடுவதைவிட எவ்வளவோ மேல். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் மட்டும் 30-ஐத் தவிர வேறு வழி குறைவு. அப்படி விளையாடும்போது மவுஸைவிடக் கன்ட்ரோலர் நல்லது, குச்சியைத் தள்ளும் கைக்கு இழுவை அவ்வளவாகத் தெரியாது.

மென்பொருளுக்குள்

ஸ்டீமில் யு.பி.ஐ.யிலேயே காசு கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த மென்பொருள் பின்னால் திறந்து கிடக்கும் நேரமும் ஓட்டிய நேரமாகவே ஏறும். ஆகவே மேலே சொன்ன பூட்டு வேலையை முடித்துவிட்டு வாங்குங்கள், சோதித்துப் பார்க்க இரண்டு மணி நேரம் மிஞ்சும். இலவசம் என்று கிராக் கொடுக்கும் இடங்களுக்கும், எஃப்.பி.எஸ் பூஸ்டர் என்று விளம்பரம் வரும் பக்கங்களுக்கும் போக வேண்டாம். கேம் வேகமாகாது, வைரஸ் நிச்சயம்.

கேமை முதலில் 'பார்டர்லெஸ்' அல்லது 'விண்டோட்' முறைக்கு மாற்றுங்கள். 'எக்ஸ்குளூசிவ் ஃபுல்ஸ்கிரீன்' என்றால் இந்த மென்பொருளால் மேலே படம் போட முடியாது. கேமில் வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு கட்டும் வசதி) ஆஃப்.

லாஸ்லெஸ் ஸ்கேலிங்கைத் திறந்தால் ஒரே பக்கத்தில் எல்லாம் கொட்டிக் கிடக்கும். மிரள வேண்டாம், தொட வேண்டியவை சில மட்டுமே. ஃபிரேம் ஜெனரேஷன் கட்டத்தில் எல்.எஸ்.எஃப்.ஜி.யின் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். மோட் 'ஃபிக்ஸ்ட்', மடங்கு 2. இருபது மடங்கு வரை போக வழி இருக்கிறது, அதெல்லாம் வீடியோ போட்டு வேடிக்கை காட்டுபவர்களுக்கு. 'அடாப்டிவ்' என்ற இன்னொரு மோட் உண்டு; நீங்கள் சொல்லும் எண்ணைத் தொடும் அளவுக்குத் தேவைக்கேற்ப படம் செருகும். அடிப்படை ஏறி இறங்கும் கேம்களுக்கு அது உதவும், ஆனால் கார்டை அதிகம் தின்னும். நாம்தான் பூட்டிவிட்டோமே, ஃபிக்ஸ்ட் போதும்.

'ஃப்ளோ ஸ்கேல்' என்பது அசைவை எவ்வளவு நுணுக்கமாகக் கணிக்க வேண்டும் என்ற அளவு. 1080-இல் 100 வைக்கலாம். கார்டு திணறினால் 75-க்கு இறக்கிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்கும் திணறினால் பக்கத்தில் இருக்கும் 'பெர்ஃபார்மன்ஸ்' பொத்தானை ஆன் செய்யுங்கள்.

ஸ்கேலிங் கட்டம் தனி. அது சின்னப் படத்தைப் பெரிதாக்குவதற்கு. ஃபிரேம் ஜெனரேஷன் மட்டும் வேண்டும் என்றால் 'ஆஃப்'. 900-இல் விளையாடுகிறீர்கள், கேமில் எஃப்.எஸ்.ஆர் இல்லை என்றால், கேமை 900 விண்டோவில் வைத்து இங்கே எல்.எஸ் 1 அல்லது எஃப்.எஸ்.ஆர் தேர்ந்தெடுக்கலாம்.

கேப்சர் ஏ.பி.ஐ, அதாவது திரையைப் பிடிக்கும் முறை: டி.எக்ஸ்.ஜி.ஐ, டபிள்யூ.ஜி.சி என்று இரண்டு. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் இருப்பவர்கள் டபிள்யூ.ஜி.சி.யை முதலில் முயலுங்கள். விண்டோஸ் 10 என்றால் டி.எக்ஸ்.ஜி.ஐ. எது சீராக ஓடுகிறதோ அது. 'க்யூ டார்கெட்' 1-இல் இருக்கட்டும். கை தாமதமாகத் தோன்றினால் 0 வைத்துப் பாருங்கள், ஆட்டம் கண்டால் பழையபடி 1. 'டிரா எஃப்.பி.எஸ்' ஆன். மிச்சத்தைத் தொடாதீர்கள்.

இப்போது கேமுக்குத் திரும்பி, கேம் விண்டோவின் மேல் ஒரு கிளிக் செய்துவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மூலையில் 40/80 என்று வரும். முன்னால் இருப்பது கேம் வரைந்தது, பின்னால் இருப்பது திரைக்கு வந்தது. நீங்கள் கண் வைக்க வேண்டியது முன் எண்ணின் மேல். அது 40-லேயே ஆடாமல் நின்றால் வேலை முடிந்தது. 34, 37 என்று தள்ளாடினால் பூட்டையோ ஃப்ளோ ஸ்கேலையோ இறக்குங்கள். மறுபடி அதே மூன்று பட்டனை அழுத்தினால் ஆஃப் ஆகும்.

பட்டனை அழுத்தியும் எதுவுமே நடக்கவில்லை என்றால், கேம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடிக்கொண்டிருக்கலாம். லாஸ்லெஸ் ஸ்கேலிங்கையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். யூட்யூபில், மலையாளமோ தமிழோ, யாரோ ஒருவர் காட்டிய செட்டிங்கை அப்படியே எடுத்துப் போடுவது நம் பக்கத்துப் பழக்கம். அவர் கார்டு 4060 ஆக இருக்கும், மானிட்டர் 165 ஹெர்ட்ஸாக இருக்கும். அவர் போடும் மூன்று மடங்கு உங்கள் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒன்றுக்கும் உதவாது.

கண்ணால் சோதிப்பது

நம்பரை மறந்துவிட்டு, கேமில் ஒரு கம்பி வேலி இருக்கும் இடத்துக்குப் போங்கள். வேலியை ஒட்டி நடந்துகொண்டே கேமராவை மெதுவாகத் திருப்புங்கள். கம்பிகள் கம்பிகளாகவே நகர்ந்தால் நல்லது. நடுவில் நெளிந்து, ஒன்று இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தால் அடிப்படை போதவில்லை: இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவில் கம்பி அவ்வளவு தூரம் தாண்டிவிட்டது, எந்தக் கம்பி எது என்று மென்பொருளுக்குக் குழப்பம். அடுத்து உங்கள் ஆளின் தலையைச் சுற்றிப் பாருங்கள். வேகமாகத் திருப்பும்போது தலையைச் சுற்றி ஒரு கலங்கல் வளையம் தெரியும். கொஞ்சம் தெரியத்தான் செய்யும், 40 அடிப்படையில் அதை முழுதாக ஒழிக்க முடியாது. கடைசியாக மினிமேப், குறி வைக்கும் புள்ளி, தோட்டா எண்ணிக்கை. பின்னால் காட்சி ஓட, இவை ஓரத்தில் கிழிந்து துடிக்கும். தொந்தரவாக இருந்தால் கேமிலேயே தேவையில்லாத எழுத்துகளை மறைத்துவிடுங்கள்.

இந்த மூன்றும் சகிக்கும்படி இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் நோண்டினால் விளையாட நேரம் இருக்காது.

நம்பர் ஏறியும் திக்குகிறது என்பவர்களுக்கு

அதிகம் வரும் புகார் இது. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணா, எண்பது காட்டுது. ஆனா அப்பப்போ ஒரு செகண்ட் நின்னு நின்னு போகுதுங்ணா."

"ராம் எவ்வளவு தம்பி?"

"எட்டு ஜி.பி.ங்ணா. ஒத்த ஸ்டிக்."

"கேம் எதுல இருக்கு?"

"பழைய ஹார்ட் டிஸ்க்லதாங்ணா."

விடை அங்கேயே இருக்கிறது. ராம் நிரம்பி, விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் துழாவிக்கொண்டிருக்கும்போது கேமிலிருந்து புதுப்படமே வரவில்லை. வராத படத்துக்கு நடுப்படம் எப்படி வரைவது? ஃபிரேம் ஜெனரேஷன் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். இன்னொரு 8 ஜி.பி ஸ்டிக் போட்டு ராமை டூயல் சானலாக்கி, கேமை ஒரு எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். ஆப்டிபிளெக்ஸில் இரண்டும் ஸ்க்ரூடிரைவர் வேலைதான். கடைக்காரர் தரும் ராம் டி.டி.ஆர் 3-ஆ, 4-ஆ என்று உங்கள் மாடலுக்குப் பொருந்தப் பார்த்துக்கொள்ளுங்கள். புது கேம்கள் ஷேடர் (ஒளி, நிறம் வரையும் சின்ன நிரல்) தயாரிக்கும்போது முதல் சில முறை திக்குவது வேறு கதை. அதே இடத்தில் மறுபடி போகும்போது திக்காது.

வெயிலும் கரண்டும்

பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டு வீட்டு மேல் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு லேப்டாப்பில் கேம் போட்டால், கால் மணி நேரம் 45 ஓடிய கேம் அப்புறம் 36-க்கு இறங்கும். சூட்டைத் தாங்காமல் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காலையில் குளிரில் பார்த்துப் பூட்டிய 40 பிற்பகலில் நிற்காது. சோதிப்பதானால் பிற்பகலிலேயே, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துப் பூட்டுங்கள். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: 40-இல் பூட்டிய கார்டு, அவிழ்த்துவிட்ட கார்டைவிடக் குறைவாகவே சுடும். கணவாய் வழியாக மார்கழி, தையில் அடிக்கும் கிழக்குக் காற்று கேபினெட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும் புழுதியையும் தை முடிந்ததும் ஒருமுறை ஊதி எடுத்துவிடுங்கள். வெயில் வருவதற்குள் ஃபேன் சுத்தமாக இருக்கட்டும்.

கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினால் எஃப்.பி.எஸ் தொப்பென்று விழும். என்விடியா லேப்டாப்புகளில் பேட்டரி பூஸ்ட் என்ற வசதி கேமை 30-இல் கட்டிப்போடுவதும் உண்டு. செட்டிங் கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், கரண்ட் வரட்டும்.

எங்கே போடக் கூடாது

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஆன்லைனில் ஆளோடு ஆள் மோதும் துப்பாக்கி கேம்களில் ஃபிரேம் ஜெனரேஷனே வேண்டாம். எதிராளி மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தாமதமாகத் தெரியும். செருகிய படத்தில் அவன் நிற்கும் இடம் வெறும் ஊகம். அங்கே ரெசல்யூஷனை இறக்கி உண்மையான எஃப்.பி.எஸ்.ஸை ஏற்றுவதுதான் வழி. லாஸ்லெஸ் ஸ்கேலிங் கேமின் ஃபைலுக்குள் கை வைப்பதில்லை, திரையை மட்டும் பிடிக்கிறது. ஆனால் டி.எல்.எல் ஃபைலை மாற்றிப் போட்டு ஃபிரேம் ஜெனரேஷன் கொண்டுவரும் மாட்கள் (ரசிகர்கள் செய்யும் கேம் மாற்றங்கள்) அப்படியல்ல. அவற்றை ஆன்லைன் கேமில் போட்டால் ஆன்டி-சீட் (ஏமாற்றுபவரைப் பிடிக்கும் காவல் மென்பொருள்) உங்களை மோசடிக்காரனாக எண்ணி அக்கவுன்டை முடக்கலாம். தனியாக விளையாடும் கேமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதை சொல்லும் கேம், கார் ஓட்டும் கேம், மெதுவாகச் சுற்றிப் பார்க்கும் கேம், இவைதான் இதற்கு ஏற்ற இடம். இன்னொரு நல்ல இடம், கேமே தன்னைப் பூட்டிக்கொண்ட இடங்கள். எல்டன் ரிங் பி.சி.யில் 60-ஐத் தாண்டாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் அதை 60-இல் ஓட்டும் கார்டும் இருந்தால் 2 மடங்கு போட்டு 120-இல் ஓட்டலாம். பழைய கன்சோல் கேம்களை எமுலேட்டரில் ஓட்டுபவர்களுக்கும் இதே கதை, பல கேம் 30-இலேயே நிற்கும்.

இரண்டு கார்டு

கொஞ்ச நாள் பழகியதும் அடுத்த ஆசை வரும். லாஸ்லெஸ் ஸ்கேலிங்கில் 'ப்ரிஃபர்ட் ஜி.பி.யு' என்ற இடத்தில் இரண்டாவது கார்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கார்டு கேமை வரையும், இன்னொரு பழைய கார்டு நடுப்படத்தை வரையும். கேமின் கார்டுக்குச் சுமை குறைவு, அடிப்படை அதிகம் விழாது, தாமதமும் குறையும். மானிட்டர் ஒயரை நடுப்படம் வரையும் அந்த இரண்டாவது கார்டில் செருக வேண்டும், பலர் கோட்டை விடும் இடம் இதுதான். பெரிய மதர்போர்டில் இரண்டு நீள ஸ்லாட்டும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆப்டிபிளெக்ஸ்காரர்கள் பொறுங்கள்: சின்ன கேபினெட்டில் இரண்டாவது கார்டுக்கு இடமே இருக்காது, இருந்தாலும் அந்த எஸ்.எம்.பி.எஸ் தாங்காது. அந்தக் காசுக்கு மானிட்டரை மாற்றுங்கள்.